வாசலைத் தாண்டும் முன் ஒரு தாள்

வீட்டுக்குள் போலீஸ் நுழைய வேண்டுமானால் வாரண்ட் வேண்டும் என்பது நம்மிடையே ஆழமாக வேர்விட்ட நம்பிக்கை. திரைப்படத்தில் வீட்டுக்காரர் வாசலை மறித்து நின்று அதைக் கேட்பார். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே திரும்புவார்கள். சட்டப் புத்தகம் காட்டும் நிலைமை வேறு. ஒருவரைக் கைதுசெய்ய வரும் காவலரும், விசாரணையில் இருக்கும் வழக்குக்காக ஒரு பொருளைத் தேடி வரும் அதிகாரியும் பெரும்பாலான வழக்குகளில் நீதிமன்றத்தின் கையெழுத்து இல்லாமலே நம் வீட்டுக்குள் வரலாம். அதற்குச் சட்டம் சில நிபந்தனைகளை விதித்திருக்கிறது. அவற்றில் முக்கியமானது ஒரு தாள். ஏன் இந்த வீடு, எந்தப் பொருளுக்காக, ஏன் இப்போதே என்பதை நுழைவதற்கு முன்பே அதிகாரி எழுதிவைக்க வேண்டிய தாள். வாரண்ட் இல்லாத நுழைவு எல்லாவற்றையும் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொருள் தேடி நுழையும்போது வாரண்டைத் தவிர்ப்பதற்குச் சட்டம் சொல்லும் ஒரே காரணம் தாமதம். மாட்டுவண்டிக் காலத்தில் அது உண்மையான காரணம். வாரண்டே மின்னணு வழியில் வரக்கூடிய காலத்தில் அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. காரணம் கரைந்த பிறகும் அதிகாரம் மட்டும் குறையாமல் நிற்கிறது என்பதே இங்கே என் வாதம்.

முதலில் இரண்டு வகை நுழைவுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஆளைத் தேடி வருவது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 44-ஆம் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 47-ஆம் பிரிவாக இருந்தது, இதைப் பற்றியது. கைதுசெய்ய அதிகாரம் உள்ளவர், தேடப்படுபவர் ஓர் இடத்துக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், அங்கே குடியிருப்பவர் வழிவிட வேண்டும். வழிவிடாவிட்டால், தனக்கு என்ன அதிகாரம், எதற்காக வந்திருக்கிறேன் என்பதை அறிவித்து, உள்ளே விடும்படி கேட்டு, அதற்குப் பிறகும் மறுக்கப்பட்டால் கதவையோ ஜன்னலையோ உடைக்கலாம். வெளியார் முன் வராத வழக்கமுள்ள பெண் உள்ளே இருந்தால் அவர் விலகிச் செல்ல முதலில் வாய்ப்புத் தர வேண்டும். அது தேடப்படுபவரின் சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை. மாமனார் வீடாகவோ பக்கத்து வீடாகவோ இருந்தாலும் விதி ஒன்றுதான். இந்த நுழைவின் நியாயம் எல்லோருக்கும் புரியும். ஓடுகிறவர் நீதிமன்றம் திறக்கும் வரை காத்திருக்க மாட்டார். இந்த வகைக்குக் கடிவாளம் வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, அது ஏன் தேவை என்பதைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. கைதுசெய்யத் தேவையில்லாத இடத்தில், அந்தக் கைதுக்காகக் கதவை உடைக்கவும் வழியில்லை.

இரண்டாவது, பொருளைத் தேடி வருவது. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இதற்குச் சட்டம் ஓர் ஏணியை வைத்திருக்கிறது. விசாரணைக்குத் தேவையான ஆவணமோ பொருளோ யாரிடமாவது இருந்தால், அதைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி எழுத்தில் கேட்கலாம். இது 94-ஆம் பிரிவு. கேட்டாலும் கொடுக்க மாட்டார் என்று நம்பக் காரணம் இருந்தால் நீதிமன்றம் சோதனை வாரண்ட் பிறப்பிக்கலாம், இது 96. இந்த இரண்டு வழியிலும் போனால் பொருள் கிடைப்பதில் தேவையற்ற தாமதம் ஏற்படும் என்று கருதினால் மட்டுமே காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ தாமாகச் சோதனையிடலாம். இது 185, பழைய எண் 165. அந்தக் கடைசிப் படியில் கால் வைப்பதற்கு முன் அவர் தன் நம்பிக்கைக்கான காரணங்களை எழுத வேண்டும், எந்தப் பொருளைத் தேடுகிறார் என்பதை இயன்றவரை குறிப்பிட வேண்டும். முடிந்தவரை அவரே நேரில் போக வேண்டும். போக முடியாமல் கீழ்நிலை அதிகாரியை அனுப்பினால் அதற்கும் காரணம் எழுதி, எழுத்துமூல உத்தரவு கொடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் பதிவுகளின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சோதனையின்போது அப்பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகளாவது உடனிருக்க வேண்டும். வீட்டுக்காரரையும் உடனிருக்க விட வேண்டும். எடுத்த பொருள்களின் பட்டியல் அவருக்குத் தரப்பட வேண்டும்.

நம் காவல் நிலையங்களும் நீதிமன்றங்களும் மகஜருக்கு நன்றாகப் பழகியவை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில், என்ன கைப்பற்றப்பட்டது என்பதை மகஜர் சொல்லும். அதில் ஒரு நேரம் பிசகினாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். ஆனால் மகஜர் உள்ளே போன பிறகு எழுதப்படுவது. 185-ஆம் பிரிவு கேட்கும் காரணக் குறிப்பு வெளியே நிற்கும்போது எழுதப்பட வேண்டியது. இரண்டுக்கும் இடையே இருக்கும் வேறுபாடு ஒரு வாசற்படி அளவே என்றாலும், குடிமகனின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு படியில்தான் அடங்கியிருக்கிறது. கஞ்சாவோ திருட்டு நகையோ கிடைத்துவிட்ட பிறகு, அது அங்கே இருக்கும் என்று நம்பியதற்குக் காரணம் எழுதுவது யாருக்கும் எளிது. எதுவும் கிடைக்காமல் வெளியேறிய வீட்டைப் பற்றியோ எழுதவே தேவையிருக்காது. கைப்பற்றல் இல்லாத சோதனை வழக்காக மாறுவதில்லை, வழக்காக மாறாதது நீதிபதியின் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் நீதிமன்றத் தீர்ப்புகளில் நாம் படிக்கும் சோதனைகள் ஏறக்குறைய எல்லாமே 'வெற்றி' பெற்ற சோதனைகளாக இருக்கின்றன. அலமாரியைக் கவிழ்த்து, அரிசிப் பானையைக் கொட்டிப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் போன வீடுகள் சட்டத்தின் நினைவில் இல்லை.

தாமதம் என்ற சொல்லின் பிறப்பிடத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 165 என்ற அதே எண்ணில் இந்த அதிகாரம் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் தாசில்தாரே மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் வைத்திருந்தார். வரி வசூலும் ஜமாபந்தியும் அவருடைய முதன்மை வேலைகள்; முகாம் போய்விட்டால் அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பதே ஒரு நாள் வேலை. மலையடிவாரத்துக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் நடந்தோ வண்டியிலோ போய்க் கையெழுத்து வாங்கித் திரும்புவதற்குள் திருடப்பட்ட பாத்திரம் உருக்கப்பட்டுவிடும். அந்தச் சூழலில், காரணத்தை எழுதிவிட்டு உள்ளே போ, பிறகு மாஜிஸ்திரேட்டுக்கு நகல் அனுப்பு என்று சட்டம் சொன்னது நியாயமான சமரசம். இன்றைய சட்டத்தின் 530-ஆம் பிரிவு, வாரண்ட் பிறப்பிப்பது உட்பட நீதிமன்ற நடவடிக்கைகளை மின்னணு வழியில் நடத்தலாம் என்கிறது. அதே சட்டத்தின் 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும், இயன்றவரை கைபேசியிலேயே செய்யலாம் என்கிறது. சோதனைக்குப் போகும் ஒவ்வொரு அதிகாரியின் சட்டைப் பையிலும் இணைய வசதியுள்ள ஒரு கருவி இருக்கும் என்று சட்டமே ஊகித்துக்கொண்டிருக்கிறது. படம்பிடிக்க அந்தக் கருவி போதுமென்றால், மாஜிஸ்திரேட்டின் அனுமதி கேட்கவும் அது போதும். ஆனால் 185-ஆம் பிரிவை எழுதியவர்கள் 530-ஆம் பிரிவை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தாமதம் பற்றிய பழைய சொற்களே அப்படியே பெயர்ந்து வந்திருக்கின்றன.

வேறு நாடுகளில் இந்தக் கணக்கு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் மத்திய நீதிமன்ற விதிகள் தொலைபேசி மூலம் வாரண்ட் பெறுவதை 1977-லேயே அனுமதித்தன. 2013-இல் மெக்நீலி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சந்தேகிக்கப்பட்டவரின் ரத்தத்தை வாரண்ட் இல்லாமல் எடுக்கலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. ரத்தத்தில் மதுவின் அளவு நிமிடத்துக்கு நிமிடம் குறையும் என்பதால் எப்போதும் அவசரம்தான் என்று அரசு வாதிட்டது. வாரண்டை விரைவாகப் பெறும் வழிகள் பெருகியிருப்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவசரம் உண்டா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் முடிவுசெய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்து இன்னும் நமக்கு நெருக்கமான உதாரணம், ஏனென்றால் நம் சட்டத்தின் எலும்புக்கூடு அங்கிருந்து வந்தவர்கள் செய்தது. அங்கே 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடுமையான குற்றத்துக்காக ஒருவரைக் கைதுசெய்யவோ உயிரைக் காப்பாற்றவோ போலீஸ் வாரண்ட் இல்லாமல் நுழையலாம். கைதான ஒருவரின் வீட்டை அதன் பிறகு சோதிக்கவும் வழியிருக்கிறது. ஆனால் யாரையும் கைதுசெய்யாமல், சான்று இருக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் ஒரு வீட்டைச் சோதிக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். 1765-இல் என்டிக் வழக்கில், அமைச்சர் ஒருவரின் உத்தரவோடு எழுத்தாளர் வீட்டைக் குடைந்து தாள்களை அள்ளிச் சென்ற அரசு ஊழியர்களை நஷ்டஈடு கொடுக்க வைத்த மரபு அது. தம் வீட்டுக்கு அந்த மரபை வைத்துக்கொண்டவர்கள் ஆளப்பட்டவர்களின் வீட்டுக்கு 165-ஐ எழுதினார்கள்.

சுதந்திர இந்தியா அதை மாற்றியிருக்கலாம். மாற்ற முயன்றவர்கள் இருந்தார்கள். அம்பேத்கர் 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற குறிப்பாணையில், நியாயமற்ற சோதனையிலிருந்தும் கைப்பற்றலிலிருந்தும் வீட்டுக்கும் உடைமைக்கும் பாதுகாப்புத் தரும் உரிமை, அமெரிக்க அரசமைப்பின் வழியில், இடம்பெற்றிருந்தது. அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவிலும் அது பேசப்பட்டது. சென்னையின் தலைமை வழக்கறிஞராக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தவர்களில் ஒருவர்; இறுதி வரைவில் அந்த உரிமை இல்லாமல் போனது. 1948 டிசம்பரில் காஜி சையது கரீமுதீன் அதைத் திருத்தமாக மறுபடி கொண்டுவந்தார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே இப்படிப்பட்ட பாதுகாப்பு இருக்கிறது என்றாலும், அதைச் சட்டமன்றத்தின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நல்லது என்ற எண்ணத்தோடு அம்பேத்கர் ஏற்கவும் ஆயத்தமாக இருந்தார். ஆனாலும் திருத்தம் நிறைவேறவில்லை. எந்தச் சட்டத்தில் பாதுகாப்பு ஏற்கெனவே இருப்பதாக நினைத்தார்களோ, அந்தச் சட்டத்தை வெறும் நடைமுறைக் குறிப்பாகப் படிக்க நீதிமன்றங்கள் பின்னர் பழகிக்கொண்டன. கரீமுதீனின் தோல்விக்கு நாம் கொடுத்த விலை அது.

1954-இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, அமெரிக்கர்களைப் போன்ற தனியுரிமைப் பாதுகாப்பை நம் அரசமைப்பை உருவாக்கியவர்கள் சோதனை அதிகாரத்துக்கு எதிராக வைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. அதைப் பல பத்தாண்டுகள் எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். ஆனால் அந்த வழக்கில் நடந்த சோதனைகள் மாஜிஸ்திரேட் கொடுத்த வாரண்டின்படி நடந்தவை. அதிகாரிக்கும் குடிமகனுக்கும் நடுவே நீதித்துறையின் செயல் ஒன்று நிற்கும்போது அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருத முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தில் இருந்தது. நடுவே யாருமே நிற்காத சோதனைக்கு அந்தத் தர்க்கத்தை நீட்டிப்பது தீர்ப்பைத் தலைகீழாகப் படிப்பது. 1962-இல் கரக் சிங் வழக்கு வந்தது. 1941-இல் கொள்ளை வழக்கொன்றில் சந்தேகிக்கப்பட்டு, சான்று இல்லாததால் விடுவிக்கப்பட்டவர் அவர். ஆனாலும் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறக்கப்பட்டு, நள்ளிரவில் காவலர்கள் கதவைத் தட்டி எழுப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். உத்தரப் பிரதேசக் காவல் விதிகளில் இந்த இரவு வருகையை அனுமதித்த பகுதியை நீதிமன்றம் ரத்துசெய்தது. அது வெறும் துறை உத்தரவு, சட்டம் ஆகாது என்பது காரணம். மீதிக் கண்காணிப்பைப் பெரும்பான்மை விட்டுவைத்தது. சுப்பா ராவும் ஷாவும் எல்லாவற்றையும் ரத்துசெய்ய வேண்டும் என்றார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்து, எம்.பி. சர்மாவும் கரக் சிங்கும் அதை மறுத்த அளவுக்குச் செல்லாது என்றார்கள். இனி அந்தரங்கத்துக்குள் நுழையும் எந்த அதிகாரத்துக்கும் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும். முதல் இரண்டு அளவுகோல்களையும் 185-ஆம் பிரிவு எளிதில் தாண்டிவிடும். மூன்றாவதில், குறைவாகக் காயப்படுத்தும் வழி ஒன்று கையில் இருக்கும்போது அதைத் தவிர்த்தது ஏன் என்ற கேள்வி எழும். அந்தக் குறைவான வழிதான் மின்னணு வாரண்ட்.

சட்டத்தின் நிபந்தனையை மீறினால் என்ன ஆகும்? இதற்கு நம் நீதிமன்றங்கள் கொடுத்திருக்கும் பதில்தான் என்னை மிகவும் வருத்துவது. 1960-இல் ராஜஸ்தான் அரசு தொடுத்த ரஹ்மான் வழக்கில், கலால் அதிகாரிகள் காரணத்தை எழுதாமல் சோதனைக்கு வந்தபோது தடுத்தவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. காரணத்தை எழுதுவது கட்டாயம், எழுதாத சோதனை சட்டவிரோதம், அதைத் தடுத்தது குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. படிக்க நெஞ்சு நிமிரும் தீர்ப்பு. ஆனால் அதற்குச் சில ஆண்டுகளிலேயே ராதா கிஷன் வழக்கில், சட்டவிரோதச் சோதனையை வீட்டுக்காரர் தடுக்கலாம், நீதிமன்றம் சான்றைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கலாம், அதற்கு மேல் விளைவு எதுவும் இல்லை என்று முடிவானது. 1973 டிசம்பரில் பூரண் மல் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, சட்டவிரோதமாக எடுக்கப்பட்டது என்பதற்காக மட்டும் ஒரு சான்றை ஒதுக்கத் தேவையில்லை என்றது. சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் பொருள் இது: விதியைக் காப்பாற்றும் பொறுப்பு வாசலில் நிற்கும் வீட்டுக்காரர்மீது விழுகிறது. பத்துப் பேர் சீருடையில் நிற்கும்போது, அதிகாரி காரணம் எழுதினாரா இல்லையா என்று அறிய வழியில்லாத ஒருவர், தன் உடலை வைத்துத் தடுத்துப் பார்க்கலாம். அவர் நினைத்தது தவறாக இருந்தால் அரசு ஊழியரைத் தடுத்த குற்றத்துக்குச் சிறை. பங்களா வாசலில் வழக்கறிஞரோடு நிற்பவருக்கு இது ஒருவேளை உரிமையாக இருக்கலாம். குடிசை வாசலில் நிற்பவருக்கு அப்படி ஓர் உரிமை இல்லை.

குடிசை வாசலில் என்ன நடக்கக் கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுவதாகச் சொல்லி நுழைந்தார்கள். வீடுகள் உடைக்கப்பட்டன, தானியங்கள் பாழாக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பரில். இது சோதனைச் சட்டத்தின் குறை ஆகாது, கொடுங்குற்றம், அதை வாரண்டோடு முடிச்சுப்போடுவது பொருந்தாது என்று ஒருவர் சொல்லலாம். குற்றத்தின் அளவைப் பொறுத்தவரை அது சரி. எந்தத் தாளும் அப்படிப்பட்ட மனங்களைத் திருத்திவிடாது. ஆனால் எந்தெந்த வீடு, எந்தத் தகவலின் பேரில், யார் பொறுப்பில் என்று நுழைவதற்கு முன் ஒரு வெளி அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும் என்ற பழக்கம் இருக்கும் நிர்வாகத்தில், ஒரு கிராமம் முழுவதையும் சோதனைக்குரிய பொருளாக நினைப்பது எளிதில் நடக்காது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே காரணம் கேட்பதுதான் வாரண்டின் சாரம். 'ஊரே அப்படித்தான்' என்ற எண்ணத்துக்கு அதில் இடமில்லை.

இனி எதிர்வாதங்கள். காத்திருந்தால் சான்று அழிந்துவிடும் என்பது முதலாவது, வலுவானதும்கூட. கழிவறைக்குள் ஒரு நொடியில் போதைப்பொடி போய்விடும். கைபேசியில் இருக்கும் படங்களை அதைவிட வேகமாக அழிக்கலாம். அதனால்தான் உண்மையான அவசரத்துக்கு விதிவிலக்கு இருக்கட்டும் என்கிறேன். உள்ளிருந்து அலறல் கேட்டாலோ, துரத்தி வந்தவர் கண்ணெதிரே உள்ளே ஓடினாலோ, பொருள் அழிக்கப்படுகிறது என்பதற்கு அந்த நேரத்தில் அறிகுறி தெரிந்தாலோ கதவைத் திறப்பதே கடமை. ஆனால் விசாரணைச் சோதனைகளில் பல, நேற்றோ முந்தாநாளோ கிடைத்த தகவலின் பேரில், காலையில் நேரம் குறித்து, வாகனம் ஏற்பாடு செய்து, மகஜர் சாட்சிகளையும் சொல்லிவைத்துப் புறப்படுபவை. சாட்சியைத் தேட நேரமிருந்த இடத்தில் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு மனு அனுப்ப நேரமில்லை என்று சொல்ல முடியாது. கோபுரமே இல்லாத மலைக் கிராமத்தில், வலைத்தொடர்பு கிடைக்காத இரவில், மாஜிஸ்திரேட்டை அடைய எடுத்த முயற்சியையும் அது பலிக்காததையும் காரணக் குறிப்பில் எழுதிவிட்டுப் போகலாம். தாமதம் இருந்தது என்ற பொது வாக்கியத்துக்குப் பதிலாக, எந்தத் தாமதம் என்று சொல்லும் கடமை மட்டுமே கூடுகிறது.

மாஜிஸ்திரேட்டுகள் வேலைப் பளுவில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்பது அடுத்த வாதம். இது கற்பனையில்லை, நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம், வரி அதிகாரி கடைக்குள் வரலாம், ஆனால் குடியிருக்கும் வீட்டுக்குள் மாஜிஸ்திரேட்டின் வாரண்ட் இல்லாமல் போகக் கூடாது என்று சொன்னது. அந்தச் சட்டத்தின் கீழ் எழுந்த ஜாவர் வழக்கு 1967-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது, கொடுக்கப்பட்ட வாரண்ட் ஓர் அச்சிட்ட படிவம் என்பதும், நிரப்ப வேண்டிய இடங்கள் நிரப்பப்படாமல், அடிக்க வேண்டிய வரிகள் அடிக்கப்படாமல் இருந்தன என்பதும் தெரிந்தது. மாஜிஸ்திரேட் மனதைச் செலுத்தவில்லை என்று அந்த வாரண்ட் செல்லாததாயிற்று. இந்த வழக்கை வாரண்டின் பயனின்மைக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் அதன் பாதியை மட்டும் பார்க்கிறார்கள். படிவம் இருந்ததால்தான் அது வெறும் படிவம் என்பது வெளிப்பட்டது. அதிகாரியின் மனதில் மட்டும் இருக்கும் காரணத்தை எந்த நீதிபதியும் கையில் பிடித்து நிரப்பாத இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விற்பனை வரி பாக்கிக்காக ஒரு வணிகரின் வீட்டுக்குள் போக மாஜிஸ்திரேட் வேண்டும் என்று அன்றைய சென்னைச் சட்டமன்றம் கருதியது. அதே தெருவில் இருக்கும் கூலித் தொழிலாளியின் வீட்டுக்குத் திருட்டு விசாரணைக்காகப் போக அது தேவைப்படவில்லை. 2004-இலும், ஆந்திரத்தின் முத்திரைத்தாள் சட்டம் கணக்கேடுகளைப் பார்க்க யாரை வேண்டுமானாலும் எந்த இடத்துக்குள்ளும் அனுப்ப வழிசெய்ததை, காரணம் எழுதும் பாதுகாப்புகூட இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அந்த வழக்கைக் கொண்டுவந்தது ஒரு வங்கி.

ஒளிப்பதிவு வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்பவர்களுக்கு: ஒளிப்பதிவு நல்ல மாற்றம், அதை நான் மனமார வரவேற்கிறேன். பொருளைத் தாங்களே வைத்துத் தாங்களே எடுத்தார்கள் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு அது ஓரளவு விடை சொல்லும். ஆனால் உள்ளே எப்படி நடந்துகொண்டார்கள் என்பதையே படம் காட்டும். ஏன் இந்த வீட்டுக்கு வந்தார்கள் என்பதைக் காட்டாது. படத்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் நுழைந்தவரின் விரல். கைப்பற்றல் ஏதும் இல்லாமல் முடிந்த சோதனையின் பதிவை யார் கேட்டுப் பார்ப்பார்கள் என்ற கேள்வியும் நிற்கிறது.

குற்றவாளி தப்பிவிடுவான் என்ற கடைசி வாதம்தான் பொதுமக்களிடம் அதிகம் எடுபடுவது. பூரண் மல் தீர்ப்பின் உயிரும் அதுவே. இதற்கு அமெரிக்காவைக் காட்டிப் பதில் சொல்லத் தேவையில்லை, நம் போதைப்பொருள் சட்டத்தைப் பார்த்தாலே போதும். 1985-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் நாட்டிலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று. அதன் 42-ஆம் பிரிவு தகவலை எழுதச் சொல்கிறது. சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் நுழைவதானால் ஏன் காத்திருக்க முடியாது என்பதையும் எழுதச் சொல்கிறது. 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் அனுப்பச் சொல்கிறது. 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு, அவசரத்தில் தாமதமாக எழுதியதை விளக்கம் இருந்தால் ஏற்கலாம், எழுதவே இல்லையென்றால் ஏற்க முடியாது என்று தீர்த்தது. அந்தக் காரணத்தால் விடுதலையானவர்கள் உண்டு. அதனால் போதைப்பொருள் சட்டம் செயலிழந்துவிடவில்லை. மாறாக, அந்தச் சட்டத்தின் கீழ் சோதனைக்குப் போகும் அதிகாரிகள் எழுதப் பழகிக்கொண்டார்கள். விளைவு இருந்தால் விதி கடைப்பிடிக்கப்படும் என்பதற்கு இதைவிட உள்ளூர்ச் சான்று வேண்டியதில்லை. கடுமையான சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, சாதாரணத் திருட்டு வழக்கில் சந்தேகிக்கப்படுபவருக்குக் கிடைக்காமலிருப்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. எல்லாப் பிழைக்கும் சான்றை ஒதுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் நீதிபதிக்கு இருப்பதைப் போல, சான்று பெறப்பட்ட விதத்தைப் பார்த்து ஒதுக்கும் விருப்புரிமை போதும். வேண்டுமென்றே தாளைத் தவிர்த்த இடத்தில் அதைப் பயன்படுத்தட்டும்.

இரவைப் பற்றியும் ஒரு சொல். பெண்ணைச் சூரியன் மறைந்த பின் கைதுசெய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று நம் சட்டம் விதித்திருக்கிறது. அப்படியானால் இரவில் வாசலில் நிற்கும் சீருடை எப்படிப்பட்ட அச்சத்தைத் தரும் என்பது சட்டத்துக்குத் தெரியும். அதே பெண்ணின் வீட்டை நள்ளிரவில் சோதிக்க 185-ஆம் பிரிவில் அப்படி எந்த நேர வரம்பும் இல்லை. ரவுடிப் பட்டியலில் இருப்பவரைச் 'செக்' பண்ணுவதாக இரவில் கதவைத் தட்டும் பழக்கம் கரக் சிங் தீர்ப்புக்கு அறுபது ஆண்டுகள் கழிந்தும் ஓயவில்லை. 2025-இல் கேரள உயர் நீதிமன்றம், கண்காணிப்பு என்ற பெயரில் நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்ட போலீசுக்கு உரிமை கிடையாது என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. இத்தகைய வருகையில் பட்டியலில் இருப்பவர் மட்டும் எழுப்பப்படுவதில்லை. காலையில் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளும் எழுப்பப்படுகிறார்கள்.

இதற்கெல்லாம் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 'தேவையற்ற தாமதம்' என்ற சொற்கள் 185-ஆம் பிரிவில் ஏற்கெனவே இருக்கின்றன. 530-ஆம் பிரிவோடு சேர்த்து அவற்றைப் படிக்க எந்த உயர் நீதிமன்றத்தாலும் முடியும். சோதனைக்கு வாரண்ட் கேட்டு மின்னணு வழியில் வரும் மனுவை உடனே பார்க்க ஒவ்வொரு மாவட்டத்திலும் முறை வைத்து ஒரு மாஜிஸ்திரேட்டைப் பணியில் அமர்த்த நிர்வாக உத்தரவே போதும். ரிமாண்டுக்காக விடுமுறை நாளிலும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மாஜிஸ்திரேட்டுகள் நமக்குப் புதியவர்கள் இல்லை. இன்றே செய்யக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது. 185-ஆம் பிரிவின் ஐந்தாவது உட்பிரிவின்படி, சோதனையிடப்பட்ட வீட்டின் உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால், அதிகாரி முன்கூட்டி எழுதிய காரணக் குறிப்பின் நகலை மாஜிஸ்திரேட் இலவசமாகக் கொடுக்க வேண்டும். எதுவும் கைப்பற்றப்படாத வீட்டுக்காரருக்கும் அந்த உரிமை உண்டு. அவர் விண்ணப்பம் போட்டு, அப்படி ஒரு குறிப்பே 48 மணி நேரத்துக்குள் வந்துசேரவில்லை என்று நீதிமன்றம் எழுத்தில் பதில் சொல்லுமானால், இதுவரை எந்தப் பதிவிலும் இடம்பெறாத அந்தச் சோதனைக்கு முதல் முறையாக ஓர் ஆவணம் உண்டாகும்.